உச்சிமேட்டில் வெயிலுக்குக் காவல்

உச்சிமேட்டுக்கு வெயிலை மட்டும் கடவுள் குறை வைக்காமல் கொடுத்தார். மற்றதில் கொஞ்சம் கையைச் சுருக்கிக்கொண்டார், அவ்வளவுதான். அந்த மற்றது என்னவென்று நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்த ஊரில் எனக்குச் சம்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

உப்பளத்து ஊர் அது. அள்ளிக் குவித்த உப்பு மழையில் கரையாமலிருக்க மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுவார்கள். வெயிலில் காய்ந்து காய்ந்து, ஒருநாள் பிடித்துத் தூக்கினால் அது பொடிப் பொடியாகக் கையோடு வந்துவிடும். வெயில் இதை எப்படிச் சிதைக்கிறது என்று அளந்து பார்க்கத்தான் கல்லூரியிலிருந்து அருள்மேரி மேடம் வந்து இறங்கினார். ஷீட்டைப் பட்டை பட்டையாக நறுக்கினார். பாதியை ஒரு மரச்சட்டத்தில் மாட்டி வெட்டவெளியில் நிறுத்தினார். மீதியைத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

காவலுக்கு மாசானம் முன்வந்தான். சும்மா வரவில்லை. சுடலைமணியின் மகள் கோமுவைக் கட்டிக்கொள்ள அவனுக்கு ஆசை. கோமுவுக்கும் ஆசைதான். சுடலைமணிதான் முட்டுக்கட்டை. "ஏலே, நீ தொட்ட வேலை எதாச்சும் உருப்பட்டிருக்கா? ஒரே ஒரு வேலையைக் கெடுக்காம முடிச்சுக் காட்டு. மறுநாளே பரிசம் போட்டுக்கிடலாம்" என்று ஊரே கேட்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாசானத்துக்குச் சோறு இறங்கவில்லை, பாவம்.

பெட்டியை மாசானத்தின் வீட்டுக்குள் வைத்துவிட்டு மேடம் சொன்னதோ ரொம்பச் சுருக்கம். "சட்டத்து மேல ஆள் நிழல் விழக் கூடாது. பெட்டிக்குள்ள எப்பவும் இருட்டா இருக்கணும். கோடை முடிஞ்சதும் வந்து ரெண்டையும் இழுத்துப் பார்த்து, எது எவ்வளவு பலம் இழந்திருக்குன்னு அளப்பேன்."

அவர் பஸ் ஏறியதுதான் தாமதம், ஒரு காக்கா வந்து சட்டத்தின்மேல் உட்கார்ந்தது. மாசானம் ஓடிப்போய் விரட்டினான். காக்கா போனது. ஆனால் அவன் நிழல் பட்டைகளின்மேல் சப்பென்று விழுந்தது.

"மாப்ளே, ஒன் நிழலுலே!" என்று அலறினான் கூட்டாளி சொரிமுத்து.

மாசானம் பதறிப்போய் எட்டக் குதித்தான். காக்கா திரும்ப வந்தது. கிட்ட நின்றால் நிழல், தள்ளி நின்றால் காக்கா. அழாத குறை அவனுக்கு. "என் கல்யாணத்துல மண்ணு விழுந்துரும் போலிருக்கே!"

இன்னொரு கூட்டாளி கொம்பையா, யோசனைக்காரன் என்று ஊரில் பெயரெடுத்தவன், தாடையைத் தடவினான். "நிழலு எதனால வருது? வெயிலு ஒன் மேல படுததால. ஒன் மேல வெயிலே படலைன்னா நிழலுக்கு இங்க என்ன சோலி?"

"படாம எப்படி நிக்க?"

"குடை பிடி."

போய் அம்மன் சப்பரத்துக்குப் பிடிக்கிற பெரிய குடையையே வாங்கி வந்தார்கள். மாசானம் சட்டத்தை ஒட்டி அதற்குள் நின்றான். என்ன ஆச்சரியம்! அவன் நிழலைக் காணவில்லை. குடையின் நிழல் மட்டும் சட்டத்தை மூலைக்கு மூலை மூடிக் குளுகுளுவென்று கிடந்தது.

"இது?" என்றான் சொரிமுத்து.

"குடை என்ன ஆளா? மேடம் ஆள் நிழலைத்தானே சொன்னாவ" என்றான் கொம்பையா. கோடை பூராவும் விடிந்தால் குடைக்குள் நின்று, பொழுது சாய்ந்த பிறகுதான் நகர்ந்தான் மாசானம். அப்படி ஒரு கடமை.

இதற்கிடையில் சுடலைமணி சோதனை போட வந்தார். "சட்டம் சரிதாம்லே. பெட்டிக்குள்ள இருட்டா இருக்கான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மூடித்தானே மாமா இருக்கு."

"மூடியிருந்தா ஆச்சா? நேத்து இருந்த இருட்டு இன்னைக்கும் இருக்குன்னு கண்டியா?"

மாசானம் பெட்டியையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான். திறந்தால் வெளிச்சம் உள்ளே போய்விடும். திறக்காவிட்டால் மாமா போய்விடுவார். கொம்பையாதான் கைகொடுத்தான். "எல்லாரும் கண்ணை இறுக்க மூடிக்கிட்டுத் திறப்போம். வெளிச்சத்தை யாரும் பாக்கவே மாட்டோம்லா?"

"வீட்டுக்குள்ள வேண்டாம்" என்றான் சொரிமுத்து. "வீட்டு இருட்டு எது, பெட்டி இருட்டு எதுன்னு குழம்பிரும். வெளிய தூக்குங்க."

உச்சி வெயிலில் பெட்டியை வைத்து, கண்ணை மூடி, மூடியைத் திறந்தான் மாசானம். "கன்னங்கரேல்னு இருக்கு மாமா!"

சுடலைமணியும் கண்ணை மூடிக் குனிந்து பார்த்தார். "அடேயப்பா! ஒரு பொட்டு வெளிச்சம் இல்லையே!" முதல் தடவையாக மாசானத்தின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அதைப் பார்த்ததும் ஊருக்கே ஆசை வந்துவிட்டது. அப்புறம் தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை பெட்டி வெயிலில் திறந்தே கிடக்கும். சனம் வரிசையில் நின்று கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இருட்டுன்னா இதுதான் இருட்டு" என்று சொல்லிக்கொண்டே போகும்.

கோடை முடிந்தது. மேடம் வில் தராசோடு வந்தார். சட்டத்துப் பட்டையை மாட்டி இழுத்தார், இழுத்தார், அது அசைந்து கொடுக்கவில்லை. புருவத்தைச் சுருக்கினார். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். தராசில் மாட்டுமுன்பே அது அப்பளமாய் நொறுங்கிக் கீழே கொட்டியது.

"கெடுத்துட்டியேலே!" என்றார் சுடலைமணி. மாசானத்துக்கு உயிரே போய்விட்டது. வாசலில் நின்ற கோமு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அவன் என்ன செய்வான்? பிளாஸ்டிக்கை அரிக்கிறது இருட்டுதான்னு தெரியுதுல்லா?" என்று பரிந்துகொண்டு வந்தான் கொம்பையா.

"இருங்க, இருங்க. எப்படிக் காவல் காத்தீங்க? செஞ்சு காட்டுங்க" என்றார் மேடம். குடையைப் பிடித்துக் காட்டினார்கள். கண்ணை மூடிப் பெட்டியைத் திறந்தும் காட்டினார்கள். மேடம் அந்தப் பெட்டியின்மேலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சட்டமும் பெட்டியும் இடம் மாறிருச்சு, அவ்வளவுதான். வெயில் பட்டது பொடியாப் போச்சு, படாதது பத்திரமா இருக்கு. பிளாஸ்டிக்கைக் கெடுக்கிறது வெயில்தான்!"

"அப்ப வேலை கெடலையா?" என்று சுடலைமணி கேட்டார்.

"கெடலை."

சொன்ன சொல் தவறாத மனுஷன், மறுநாளே பரிசம் போடச் சொன்னார். ஆவணியில் கல்யாணம். மேடத்துக்கு முதல் பத்திரிகை.

மேடம் வந்து பார்த்தால், முகூர்த்த நேரத்தில் ஊர்ச்சனம் மொத்தமும் மொட்டை வெயிலில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டுகிறது. கோமுவின் நெற்றிக் குங்குமம் மூக்குவரை இறங்கிவிட்டது. ஐயர் மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மந்திரம் சொல்கிறார். நட்ட பந்தக்கால்களுக்கு மேலே வெறும் வானம்.

"என்ன மாசானம், பந்தல் போடலையா?"

மாலையும் கழுத்துமாக இருந்த மாசானத்துக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"போடாம இருப்போமா மேடம்? புத்தம் புது ஷீட்டு! வெயில் பட்டா கெட்டுப்போகும்னு நீங்க சொன்னீகள்லா? அதான் சுருட்டி வீட்டுக்குள்ள வச்சிருக்கோம். கொஞ்சம் பொறுங்க, பொழுது சாஞ்சதும் விரிச்சிருவோம்."