மன்னர் மீசையும் மிச்சத் தண்ணீரும்

முன்னொரு காலத்தில், ஆறுகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு தேசத்தில், ஒரு ராஜா காலைக் குளியலுக்கு ஆற்றில் இறங்கினார். இறங்கும்போது அவருடைய மீசை வெள்ளை. ஏறும்போது நீலம்.

கரையில் நின்ற பரிவாரம் முழுக்க அதைப் பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் தங்கள் கால் கட்டைவிரல் மேல் திடீர் அக்கறை வந்துவிட்டது. குனிந்த தலை நிமிரவில்லை. அந்த ராஜாவிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. சொன்னவர்கள்தான் யாரும் மிச்சமில்லை.

அந்தக் கூட்டத்தின் கடைசியில் நின்றவன் விகடகவி மாசானம். பயமறியாமல் வளரட்டும் என்று பெற்றவர்கள் அவனுக்குச் சுடுகாட்டுச் சாமியின் பெயரை வைத்திருந்தார்கள். சாமியோ தன் பெயரைக் கொடுத்துவிட்டு, யார் யாரோ சுடுகாட்டில் விட்டுப்போன பயத்தையும் கூடவே கொடுத்து அனுப்பிவிட்டது. பயம் வந்தால் மாசானத்துக்கு விக்கல் வரும். அரண்மனை உத்தியோகம் என்பதால் விக்கல் பெரும்பாலும் நிற்பதில்லை.

"விக்" என்றான் மாசானம்.

ராஜா திரும்பினார். "என்ன மாசானம்?"

"ஒன்றுமில்லை மகாராஜா. தங்கள் மீசையில் கொஞ்சம்... விக்... வானம் இறங்கியிருக்கிறது."

கண்ணாடி வந்தது. கொண்டுவந்தவன் கை நடுங்கியதில் ராஜாவுக்கு மீசை இரண்டாகத் தெரிந்தது. இரண்டுமே நீலம்.

ஆறு போய்ச் சேரும் கீழாற்றூரில் கத்தரிக்காய்க்குள் நீலம் வந்தபோது சபை கூடவில்லை. மீன் செத்து ஒதுங்கியபோதும் கூடவில்லை. மீசை நீலமான அன்று, ஈரம் உலர்வதற்குள் கூடிவிட்டது.

"இதற்கு யார் காரணம்?" என்றார் ராஜா.

பிரதானி கங்கைராயர் எழுந்தார். அவர் எழுந்தால் யாரோ ஒருவர் வீட்டில் இழவு என்று ஊரில் பேச்சு. "நீலப்பட்டறைத் தெருவார், மகாராஜா. துணிக்குச் சாயம் தோய்த்துவிட்டு, அலசிய தண்ணீரை ஆற்றில் ஊற்றுகிறார்கள். தெருவையே காலி செய்துவிடலாம். அந்தக் கரையில் நல்ல காற்று வரும். மாளிகை கட்டத் தோதான இடம்." யாருக்கு மாளிகை என்று அவர் சொல்லவில்லை.

"அத்தனை பேர் வலக்கையையும் வெட்டுங்கள்," என்றார் ராஜா. சொல்லிவிட்டு ஏதோ ஞாபகம் வந்து நெற்றியைச் சுருக்கினார். "பௌர்ணமித் தேர்த் திருவிழாவுக்கு நீலக் கொடிகள் யார் தருவது? யானைகளுக்கு நீலப் போர்வை? கப்பலேறுகிற நீலத் துணி?"

"அவையும் அந்தத் தெருவிலிருந்துதான், மகாராஜா. பாதி ஊரின் கஞ்சியும் அங்கிருந்துதான்," என்றார் கருவூலக் கணக்கர்.

ராஜா யோசிக்கத் தொடங்கினார். அவர் கோபப்பட்டால் ஒரு தலைதான் உருளும். யோசித்தால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"ஆறு தெளிய வேண்டும்," என்றார் கடைசியில். "தேர் நாள் காலையில் நான் இடுப்பளவு நீரில் நின்று குனிந்தால் என் கால்விரல் எனக்குத் தெரிய வேண்டும். அதுவரை பட்டறையில் ஒரு தாழியும் குளிரக் கூடாது, ஒருவருக்கும் வேலை போகக் கூடாது. இரண்டும் வேண்டும். யாரால் முடியும்?"

தாழி என்பது சாயம் ஊறும் பெரிய பானை. அது குளிர்ந்தால் அந்த வீட்டு உலையும் குளிர்ந்துவிடும். ஒன்றைக் கேட்டால் மற்றொன்று போகும் என்பது சபையில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிக்கும் தெரியும், ஆனால் அவர்கள் பிரதானியின் உறவினர்கள்.

பிரதானி மெல்லச் சிரித்தார். போன மாதம் விருந்தில் மாசானம் அவருடைய தொந்தியைப் பற்றிச் சொன்ன வேடிக்கைக்கு ராஜா சிரித்த சிரிப்பு அவர் காதில் இன்னும் ஓயவில்லை. "விகடகவியால் முடியும், மகாராஜா. எதற்கும் பதில் வைத்திருப்பவர் அல்லவா?"

"நல்லது. தவறினால் தெருவாரின் வலக்கைகளும், மாசானத்தின் தலையும். இன்றிலிருந்து ஆற்றில் ஒரு சொட்டுச் சாயத் தண்ணீர் ஊற்றுபவர் யாரானாலும் கை போகும். முரசு அறையுங்கள்."

அதோடு ராஜா அந்தப்புரத்துக்குள் போய்விட்டார். மீசை வெளுக்கும்வரை, வெளுக்காவிட்டால் தேர் நாள்வரை, வெளியே தலைகாட்டுவதில்லை என்று முடிவு. உள்ளே தயிரும் எலுமிச்சையும் கூடைகூடையாகப் போயின.

மாசானம் வெளியே வந்தபோது பின்னால் ஒரு நிழல் வந்தது. திரும்பிப் பார்த்தான். கொலைவாள் இருளாண்டி.

"நீங்க ஓடிப்போகாமப் பாத்துக்கச் சொல்லி உத்தரவு, சாமி," என்றான் இருளாண்டி. நல்ல பணிவு. "தப்பா நினைக்காதீங்க. அப்புறம், கழுத்துல கெடக்குற அந்த உருத்திராட்சத்த அன்னிக்குப் போட்டுக்கிட்டு வராதீங்க. வாள் தட்டும். எனக்கொண்ணுமில்ல, உங்களுக்குத்தான் சிரமம்."

"விக்," என்றான் மாசானம்.

நீலப்பட்டறைத் தெருவில் முரசுச் சத்தம் இவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. தாழிகள் கொதகொதவென்று நுரைத்தன. மற்றபடி சத்தமே இல்லை. எதிரே வந்த ஒவ்வொருவரும் இருளாண்டியைப் பார்த்ததும் வலக்கையை முந்தானைக்குள்ளோ துண்டுக்குள்ளோ ஒளித்துக்கொண்டார்கள். முழங்கைவரை நீலம் ஏறிய கைகள். ஒளித்தாலும் துணிக்கு வெளியே நீலம் கசிந்தது.

ஒளிக்காத ஒரே ஆள் ஆண்டிச்சி. தெருவின் பெரிய பட்டறை அவளுடையது.

"வாங்க சாமி. தலையோட வந்திருக்கீங்க, சந்தோசம்."

"ஆண்டிச்சி, அந்தத் தண்ணியை ஆற்றில் ஊற்றாமல் இருக்க முடியாதா?"

"ஏன் முடியாது? நீங்க குடிச்சிருங்க." துடுப்பால் தாழியைக் கலக்கியபடியே அவள் சொன்னாள். "பாவம்னு எங்களுக்குத் தெரியாதா? என் தங்கச்சிய கீழாற்றூர்லதான் குடுத்திருக்கு. அவ வீட்டுச் சோறு நீலமா இருக்கு. 'நீ ஊத்துற, நான் திங்குறேன்'னு போன தடவை மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. ஆனா இங்க எங்க வைக்கச் சொல்றீங்க? முன்னாடி தெருக்கோடியில குழி இருந்துச்சு. அதுல தேங்க விட்டா வெயில்ல வத்திரும், அடியில நிக்கிற கசடை அள்ளிருவோம். அந்த எடத்தப் பிரதானி வளைச்சுப் பூந்தோட்டம் போட்டுட்டாரு. மல்லிகப்பூ மணக்குது, ஆறு நாறுது."

"சபையில் சொல்லலாமே?"

"சொல்லப்போன எங்க மாமனுக்கு இன்னும் திரும்பி வர வழி தெரியல."

மாசானத்துக்கு விக்கல் பலமாக வந்தது. அவனுடைய ஒரு தலை போனால் அவனோடு போயிற்று. இத்தனை கைகள் போனால் இந்தத் தெரு எதை வைத்துக் கஞ்சியைக் குடிக்கும் என்று யோசித்தான்.

ஆண்டிச்சி அதற்குள் ஒரு சால்வையை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பிரதானியின் சால்வை. அதன் மேல் ஒரு சின்ன ஓலைப் பொட்டலத்தை வைத்தாள்.

"அது என்ன?"

"மிச்சம். அவர் குடுத்த அவுரிச் சாயக் கட்டியில மிஞ்சினது ஒரு சிட்டிகை. ரெண்டு இழ நூலு. வேலை குடுத்தவங்களுக்கு மிச்சத்தத் திருப்பிக் குடுத்துறணும், அது எங்க தெருவோட வழக்கம். வழக்கமா இருந்தத அவரு சட்டமாவே போட்டாரு. போன வருசம் ஒருத்தன் ஒரு முழ நூல வச்சிக்கிட்டான்னு திருட்டுப் பட்டம் கட்டி..." அவள் இருளாண்டியைப் பார்த்தாள். இருளாண்டி கூரையைப் பார்த்தான்.

மாசானத்தின் விக்கல் நின்றது.

"எது மிஞ்சினாலுமா?"

"எது மிஞ்சினாலும்."

"ஆண்டிச்சி," என்றான் மாசானம், "ஊரில் உள்ள குடத்தையெல்லாம் வாங்கு."

மறுநாளிலிருந்து நீலப்பட்டறைத் தெருவின் துணிகள் தனியாகப் போகவில்லை. சால்வைக்குப் பின்னால் அதை அலசிய தண்ணீர் குடம் குடமாகப் போயிற்று. வணிகர் வீட்டுக்கு, தளபதி வீட்டுக்கு, பிரதானி வீட்டுக்கு. கதவைத் திறந்தவர்களிடம் ஆண்டிச்சியின் ஆட்கள் கைகட்டிச் சொன்னார்கள்: "உங்க துணி. உங்க மிச்சம்." வேண்டாம் என்று ஆற்றில் கொட்டலாம் என்றால் கை போகும். தெருவில் கொட்டினால் சரிந்து ஆற்றுக்குத்தான் ஓடும். வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். புளித்த அவுரித் தண்ணீரின் நாற்றத்தை முகர்ந்தவர்களுக்கு அது தெரியும். முகராதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

தேர்க் கொடிகளும் யானைப் போர்வைகளும் அரண்மனைக்கு வந்தன. அவற்றின் குடங்களும் வந்தன. கொலுமண்டபத்தில் வரிசை வரிசையாக நின்றன.

பிரதானி ஒருநாள் மண்டப வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தார். மாசானம் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தான். அவர் கத்தவில்லை. "இன்னும் கொண்டுவரச் சொல்," என்றார் அன்பாக. "சிம்மாசனத்தைச் சுற்றியும் வை. மகாராஜா வந்து பார்க்கட்டும்."

அந்த அன்பு மாசானத்துக்குச் சரியாகப் படவில்லை. ராஜாவின் மண்டபத்தில் கழிவை நிரப்பியவனுக்கு என்ன தண்டனை என்று அவன் இருளாண்டியிடம் கேட்டான்.

"அதுக்கு வாள் இல்ல சாமி," என்றான் இருளாண்டி. "அதுக்கு யானை."

தேர் நாள் விடிந்தது. ராஜா ஆற்றில் இறங்கினார். கரையின் ஒரு பக்கம் நீலப்பட்டறைத் தெருவார், கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. மறுபக்கம் இருளாண்டி, வாளைத் துடைத்துக்கொண்டு. நடுவில் மாசானம் கண்ணை இறுக மூடிக்கொண்டான். தண்ணீர் சலசலத்தது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

ராஜா குனிந்தார். நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

"யாருடையவை இந்தக் கால்கள்?" என்றார்.

மாசானம் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"தங்களுடையவைதான்... விக்... மகாராஜா."

"இவ்வளவு கோணலாகவா இருக்கின்றன?" ராஜா விரல்களை அசைத்துப் பார்த்தார். தண்ணீருக்கடியில் விரல்கள் அசைந்தன. கூடவே ஒரு சின்னக் கெண்டைக்குஞ்சு வந்து கட்டைவிரலை மோந்துவிட்டுப் போயிற்று. கரையில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. ஆண்டிச்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனால் மண்டபம் இன்னும் பாக்கி இருந்தது.

உள்ளே நுழைந்த ராஜா வாசலிலேயே நின்றார். சிம்மாசனத்தைச் சுற்றிக் குடங்கள். தூண்களைச் சுற்றிக் குடங்கள். நாற்றம் ராஜாவென்றும் பாராமல் முகத்தில் அறைந்தது.

பிரதானி பாய்ந்து முன்னே வந்தார். "பார்த்தீர்களா, மகாராஜா! ஆற்று அசுத்தத்தை அள்ளித் தங்கள் சிம்மாசனத்தடியில் வைத்திருக்கிறான். இது ராஜத்துரோகம்!"

ராஜாவின் கை உடைவாளுக்குப் போயிற்று. மாசானம் பக்கத்திலிருந்த குடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பேசினான்.

"இது அசுத்தம் இல்லை, மகாராஜா. தங்கள் சொத்து. திருப்பித் தராவிட்டால் திருட்டு என்று பிரதானியார் போட்ட சட்டம். வேலை முடிந்தபின் மிஞ்சியது எதுவானாலும் உடையவரிடம் சேர வேண்டும். கொடி தங்களுடையது. கொடியை அலசிய மிச்சமும்... விக்... தங்களுடையது."

"தண்ணீர் ஆற்றுக்குச் சொந்தம்!" என்று கத்தினார் பிரதானி.

"எடுக்கும்போது அது தெளிவாக இருந்தது, பிரபு. இப்போது ஆற்றிடம் கேட்டேன். இது தன்னுடையது இல்லை என்கிறது. தங்கள் வீட்டு முற்றத்திலும் தங்கள் சொத்து பத்திரமாக இருக்கிறதே, அதையும் ஆற்றுக்குக் கொடுத்துவிடலாமா? கை ஒன்றுதான் செலவு."

பிரதானி தன் வலக்கையைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டார். அவர் அறியாமலேயே நடந்தது அது. நீலச் சால்வை. அன்று காலை ஆற்றங்கரையில் நின்ற தெருவார் எப்படி ஒளித்தார்களோ, அச்சு அசல் அப்படி.

ராஜா அதைப் பார்த்தார். குடங்களைப் பார்த்தார். வாளின் பிடியில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாக இறுகின. யாரும் மூச்சு விடவில்லை; நாற்றத்துக்கும் சேர்த்து அது வசதியாகத்தான் இருந்தது.

"ஒரு யானைப் போர்வைக்கு எத்தனை குடம்?" என்றார் ராஜா, தாழ்ந்த குரலில்.

ஆண்டிச்சி முன்னால் வந்தாள். "அந்தத் தூண்லேருந்து இந்தத் தூண் வரைக்கும், மவராசா."

ராஜா ஒரு தூணைப் பார்த்தார். மற்றொரு தூணைப் பார்த்தார். "அப்படியானால் யானை யானையாகவே வரட்டும்," என்றார். சொன்னதும் அவருடைய நீலம் தங்கிய மீசை துடித்தது. கோபத்துக்கும் அது அப்படித்தான் துடிக்கும் என்பதால் சபை முழுக்க ஓரடி பின்வாங்கியது. பிறகுதான் சிரிப்பு வெடித்தது. நாற்றத்தில் இருமி, மறுபடி சிரித்து, சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையும் சிரித்தது. முதலில் பயத்தில், அப்புறம் நிஜமாகவே.

தீர்ப்பு அங்கேயே ஆயிற்று. பிரதானியின் பூந்தோட்டம் மறுபடி சாயக்குழியானது. தோண்டும் வேலையைப் பிரதானியே முன்னின்று பார்க்க வேண்டும். இனி யார் எந்த நீலத்தைக் கேட்டாலும், அதன் தண்ணீர் குழியில் கிடந்து வற்றுகிறவரை பொறுத்திருந்துதான் துணியை வாங்க வேண்டும். அரண்மனைக்கும் அதே விதி. தாழிகள் குளிரவில்லை. கைகள் முந்தானையை விட்டு வெளியே வந்தன.

"மாசானம்!" என்றார் ராஜா. "உன் கழுத்தை நீயே வைத்துக்கொள். உனக்கு என்ன பரிசு தரலாம்?" அவரே யோசித்தார். மாசானத்துக்கு உடனே விக்கல் தொடங்கிவிட்டது. "தேசத்திலேயே அடர்த்தியான நீலத்தில், ஏழு முறை தோய்த்த பட்டு!"

மாசானம் பட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தான். நல்ல பட்டு. ஊரே கைதட்டியது. பின்னாலேயே காலடிச் சத்தம் கேட்டது. பழக்கத்தில் கழுத்தைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

இருளாண்டி. இந்த முறை இடுப்பில் வாள் இல்லை. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். அவனுக்குப் பின்னால் ஆண்டிச்சியின் ஆட்கள், தெருக்கோடிவரை, ஆளுக்கொரு குடம்.

"குழி தோண்டி முடிக்க நாளாகுமாம், சாமி," என்றான் இருளாண்டி பணிவாக. "உங்க மிச்சத்த எங்க எறக்கட்டும்?"