சும்மா இருந்த துணி

அரசர்கள் ஆசைப்பட்ட இடத்தில் மலையை உடைத்து மண்டபம் கட்டிய முன்னொரு காலத்தில், ஓர் அரசருக்குக் கருங்கல் மண்டபத்தின் மீது மோகம் வந்தது. இருநூறு பேர் மலையில் உளி பிடித்தார்கள். ஆறே மாதத்தில் பாதிப் பேர் இருமத் தொடங்கினார்கள்.

கல்தச்சர் தலைவன் சடையாண்டி சபைக்கு வந்தான். "நெஞ்சுக்குள்ள கல்லு வளருது சாமி. கொஞ்ச நாள் உளியைக் கீழ வைக்க விடுங்க."

கட்டட அதிகாரி வீரசேகரர் சிரித்தார். அவரிடம் ஓர் இருட்டுப் பெட்டி இருந்தது. துளை வழியே வெயில் கீற்று உள்ளே விழும். அதில் தூசி மின்னும் அளவைக் கோடுகளாக எண்ணிச் சொல்வார்.

"அரசே, ஐந்து கோட்டைத் தாண்டினால்தான் வேலையை நிறுத்த வேண்டும் என்பது தங்கள் ஆணை. மலையில் இரண்டு கோடுதான். அதாவது, துருத்தி ஐநூறு முறை இழுக்கும் காற்றில் இரண்டு குன்றிமணி எடைத் தூசி."

"தராசில் நிறுத்துப் பார்த்தீரா?" என்றார் விதூஷகர் அம்பலத்தாடி. அதுவரை தூணோரம் பேசாமல் நின்றிருந்தவர்.

"காற்றை யாரய்யா நிறுப்பார்?"

அரசருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. "அம்பலத்தாடி, நீர் நிறுத்துக் காட்டும். நாளை மாலைக்குள். முடியாவிட்டால் மறுநாள் முதல் நீரும் மலையில் உளி பிடியும்."

மறுநாள் காலையில் அம்பலத்தாடி சபையார் முன் பொன் தராசில் இரண்டு மெல்லிய துணிகளை நிறுத்தார். ஒரே எடை. இரண்டறை கொண்ட ஓலைப்பெட்டியில் அறைக்கொன்றாக வைத்து எடுத்துப்போனார். மலையில் ஒரு துணியைத் துருத்தியின் காற்றிழுக்கும் வாயில் கட்டி ஐநூறு முறை இழுக்கச் செய்தார். துணி கறுத்தது. மற்றதை அவர் வெளியே எடுக்கவே இல்லை.

திரும்பும்போது வீரசேகரரின் ஆள், "வெயில் சுடுதுங்க" என்று ஓலைப்பெட்டியை நனைந்த சாக்கால் போர்த்தினான். அம்பலத்தாடி, சாக்கு இரண்டு அறையையும் மூடியிருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்த்தார்.

சபையில் கறுத்த துணி ஒன்பது குன்றிமணி கூடியிருந்தது.

"தொட்டுப் பாருங்கள் அரசே, ஈரம்!" என்றார் வீரசேகரர். "தண்ணீரை நிறுத்துவிட்டுத் தூசி என்கிறார்."

"ஈரம்தான்." அம்பலத்தாடி சும்மா இருந்த துணியைத் தட்டில் வைத்தார். அது மூன்று குன்றிமணி கூடியிருந்தது. "இது துருத்தியைப் பார்க்காத துணி. இதில் ஏறியது தண்ணீர் மட்டும். அந்த மூன்றை ஒன்பதில் கழித்தால் ஆறு. அது தூசி. தங்கள் ஐந்து கோட்டைத் தாண்டிவிட்டது."

"என் பெட்டி பொய் சொல்லாது!"

"சொல்லவில்லை. கோடுகளை எதை வைத்துப் போட்டீர்?"

"அரண்மனையில் அரிசி மாவைத் தூவி."

"மாவு வெயிலில் மின்னும். கருங்கல் தூசி அப்படி மின்னாது. மடைப்பள்ளியில் வைத்தால் உம் பெட்டி சரியாகவே சொல்லும்."

அரசர் நெற்றியைச் சுருக்கினார். "மழையே இல்லையே. ஈரம் எங்கிருந்து வந்தது?"

"வீரசேகரர் தயவு. ஓலைப்பெட்டிக்கு வெயில் சுடுமென்று அவர் ஆள் நனைந்த சாக்கு போர்த்தினான்."

அரசர் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும்?" என்றார்.

"உளி கொஞ்ச நாள் ஓயட்டும் அரசே. பிறகு, துணியில் விட்ட தண்ணீரை வெட்டும் கல்லில் விட்டால் தூசி அடங்கும். வீரசேகரருக்குத் தண்ணீர் விடுவது நன்றாக வருகிறது. குடம் அவர் கையிலேயே இருக்கட்டும்."

மண்டபம் ஓராண்டு தாமதமாக எழுந்தது. அந்த ஓராண்டும் வீரசேகரர் மலையில் குடம் சுமந்தார். அவர் பெட்டியின் கோடுகளைத் துணியின் எடைப்படி சடையாண்டி மாற்றிப் போட்டான். அம்பலத்தாடி தூணோரம் போய் மறுபடி பேசாமல் நின்றுகொண்டார்.