சோதித்த பாலம்

எங்கள் புளியங்குழி ஊர்க்காரர்களை ஏமாற்றுவது சுலபம் என்று பக்கத்து ஊரில் பேசிக்கொள்வார்கள். அது பொய். எங்களை ஏமாற்ற வெளியாள் தேவையே இல்லை, நாங்களே பார்த்துக்கொள்வோம்.

என் தங்கை செண்பகத்தைப் பெண் பார்க்க வந்த அன்று, ஊர் ஓடையில் சம்பந்தி வீட்டார் தொடையளவு நனைந்தார்கள். "கல்யாணத்துக்குள்ள பாலம் போடுங்க. இல்லைன்னா முகூர்த்தமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சம்பந்தி கறாராகச் சொல்லிவிட்டார்.

நானும் மாசாணமும் வேலாண்டியும் சேர்ந்து மரப்பாலம் போட்டோம். பார்க்க வந்த எஞ்சினியரம்மா சொன்னார்: "மரம் எவ்வளவு தாங்கும்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. வர்ற கூட்டத்தோட எடைக்கு ரெண்டு மடங்கு மணல் மூட்டை அடுக்கிப் பாருங்க. சோதிச்சுப் பார்க்காத எதுலயும் ஆளை மட்டும் இறக்கிராதீங்க."

கூட்டத்தின் எடை எவ்வளவு? மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம்.

"நாற்பது பேர்னு சொல்லியிருக்காங்க" என்றேன்.

"சம்பந்தி வீட்டுல நாற்பதுன்னா எண்பதுலே" என்றான் மாசாணம்.

வேலாண்டி எங்களில் விவரமானவன். "வரும்போது உள்ள எடை வேற, பாயசம் குடிச்சிட்டுப் போகும்போது உள்ள எடை வேற" என்றான். தலைக்கு ஒரு மூட்டை கூட்டினோம்.

முதுகு ஒடிய மணல் சுமந்து, இந்தக் கரை முதல் அந்தக் கரை வரை நெஞ்சளவு அடுக்கினோம். பாலம் அசையவில்லை. எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்தது.

முகூர்த்த நாள் காலையில், அக்கரையில் மேளத்தோடு வந்து நின்றார்கள். சம்பந்தி பாலத்தைப் பார்த்தார்.

"என்னய்யா இது? மூட்டையை எடுங்க!"

"எடுக்க முடியாதுங்க. மூட்டையோட நிக்கிற பாலத்தைத்தான் சோதிச்சிருக்கோம். மூட்டை இல்லாம நிக்குமான்னு யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"அப்ப நாங்க எப்படி வர்றது?"

இந்தக் கேள்வியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கூடிப் பேசினோம். முகூர்த்த நேரம் நெருங்கியது. மணக்கோலத்தில் ஓடி வந்த செண்பகம், "அண்ணே, இந்தக் கல்யாணம் மட்டும் நின்னுச்சு, உன் தலையில அத்தனை மூட்டையையும் ஏத்துவேன்!" என்று கத்தினாள்.

சத்தம் கேட்ட மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். ஓடையில் இறங்கிவிட்டார். பின்னாலேயே எல்லோரும் சீர்வரிசைத் தட்டுகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஈர வேட்டியோடு மாப்பிள்ளை தாலி கட்டினார். என் தங்கை சிரித்தாள், எனக்கு உயிர் வந்தது.

பந்தியில் மூன்றாவது தடவை பாயசம் ஊற்றும்போதுதான் வேலாண்டிக்கு முகம் வெளுத்தது.

"ஏலே, திரும்பியும் ஓடைவழியாத்தானே போவாங்க? அந்த ஓடையை நாம சோதிச்சோமா?"

சோதிக்காத ஓடையில் எண்பது பேரை இறக்கியிருக்கிறோம்! வரும்போதாவது வெறும் வயிறு. இப்போது பாயசம் வேறு.

சம்பந்தியைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு ஓடினோம். புதிதாக மணல் அள்ள ஏது நேரம்? பாலத்திலிருந்த மூட்டைகளையே தூக்கி ஓடையில் போட்டோம். மத்தியானம் முழுக்கப் பாலத்தின்மேல் மூன்று பேரும் ஓடி ஓடித் தூக்கினோம். கடைசி மூட்டை விழுந்தபோது, மூட்டைகள் கரைக்குக் கரை தண்ணீருக்கு மேலே வரிசையாகத் தெரிந்தன. ஓடை இம்மியும் இறங்கவில்லை.

"ஓடை தாங்கிருச்சு! தைரியமா வாங்க!" என்று கூவினேன்.

கால் நனையாமல் மூட்டைகள்மேல் நடந்து போனார்கள். நடுவழியில் சம்பந்தி நின்று, தலைக்குமேலே வெறுமனே கிடந்த பாலத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஏன்யா, இப்ப அதுதான் காலியா இருக்கே. அதுல போயிருக்கலாமே?"

எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படித்த மனிதர், இப்படியும் கேட்பாரா?

"காலிப் பாலத்தை யாருங்க சோதிச்சா?" என்றான், அதன் நடுவில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த மாசாணம்.