பதினேழாம் மனையில் முதல் டம்ளர் பால்

மனை விற்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுகிற அன்பை மாமியார் வீட்டில்கூடப் பார்க்க முடியாது. வாசலுக்கே வேன் வரும், ஏறியதும் மோர் வரும், மதியம் பிரியாணிப் பொட்டலம் வரும். அப்படி ஒரு வேனில்தான் விழுப்புரத்து வாசுகியும் ஏறினாள்.

அவளுக்குச் சொந்த இடம் வேண்டியதற்கு ஒரே காரணம் கணவன் தனபாலின் டிரம்பெட். கல்யாண பேண்டில் வாசிக்கிறவன் வீட்டில் பழகாமல் இருக்க முடியுமா? பழகினால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார். ஆறு வருடத்தில் ஐந்து வீடு மாறியாயிற்று. ஐந்தாவது வீட்டுக்காரரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அன்றும் தனபால் ஒரு முகூர்த்தத்துக்குப் போய்விட்டதால் அவள் தனியாகத்தான் வந்தாள்.

வேனில் அவளோடு இன்னும் இருவர். ஒருவர் ஆம்புரோஸ், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், ஒரு வருடமாக இடம் தேடி அலுத்தவர். மற்றவர் குமுதினி டீச்சர். அழைத்துப் போனவர் விற்பனையாளர் சிவப்பிரகாசம். பாவம், இரண்டு மாதமாக அவர் கையில் ஒரு மனையும் விலைபோகவில்லை. இந்த மாதமும் இப்படியே போனால் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதனால் மூவர் காதிலும் தனித்தனியே ஒரே வாக்கியத்தை ஓதினார்.

"பதினேழாம் நம்பர் ஒண்ணுதாங்க பாக்கி. உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

வேன் பின்பக்கத்து மண்பாதை வழியாகப் போய், மனைக்கு நேர் எதிரே குறுக்காக நின்றது. கிழக்குப் பார்த்த மனை, நல்ல காற்று. மூவருக்கும் பிடித்துவிட்டது. பேருந்தில் ஜன்னல் வழியாக இடம் பிடிக்கிற பழக்கத்தில், வாசுகி பதினேழு என்று எழுதியிருந்த கல்லின்மேல் கைக்குட்டையைப் போட்டாள். டீச்சர் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து அதே கல்லின் அருகே ஏற்றினார். ஆம்புரோஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முப்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கேம்மா, கர்ச்சீப் போட்டா அது டிக்கெட் ஆகாதுன்னு. எனக்குன்னு வச்சிருக்கறதா இவர்தானே சொன்னாரு?"

எனக்கும் அதைத்தான் சொன்னார் என்றார்கள் மற்ற இருவரும். சிவப்பிரகாசம் வானத்தைப் பார்த்தார்.

வாசுகி டிரம்பெட்டைப் பற்றியும் ஐந்து வீடுகளைப் பற்றியும் மறைக்காமல் சொன்னாள். ஆம்புரோஸ் மனையை ஒருமுறை ஆசையோடு பார்த்தார். பிறகு, "நீயே எடுத்துக்கம்மா. நான் வேற பாத்துக்கறேன்" என்று விலகிக்கொண்டார். டீச்சர் மட்டும் அசையவில்லை.

ஆம்புரோஸ் விலகியதைக் கண்டு சிவப்பிரகாசத்துக்கு என்னவோ போலாகிவிட்டது. யாரும் கேட்காமலே ஓட்டுநரைக் கூப்பிட்டு, வேனை ஓரமாக எடுக்கச் சொன்னார். வேன் நகர்ந்ததும் அதன் பின்னால் ஒரு நீளமான தெரு தெரிந்தது. அது நேராக வந்து பதினேழாம் மனையில்தான் முட்டி நின்றது. தெருக்குத்து! அங்கே வீடு கட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊரே ஒதுக்குகிற மனை. அது கடைசிவரை விற்காமல் கிடந்த காரணமும் அதுதான்.

"மறைக்கத்தாம்மா வண்டிய அங்க நிறுத்தினேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார் சிவப்பிரகாசம்.

டீச்சரின் முகம் மாறியது, குரல் மட்டும் மாறவில்லை. முதலில் கைக்குட்டை போட்டவள் வாசுகிதான் என்றும், அவளே எடுத்துக்கொள்வதுதான் நியாயம் என்றும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு நிழலுக்குப் போனார்.

வாசுகி அந்தத் தெருவை நெடுநேரம் பார்த்தாள். தெருக்குத்து என்றால் வாசலுக்கு நேரே எதிர்வீடு என்று ஒன்று வரவே முடியாது. வாசலைப் பார்த்து உட்கார்ந்து ஊதினால் சத்தம் தெருவோடு போய்விடும். காலி பண்ணு என்று சொல்ல எதிரே ஆளே இல்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மனையை வாங்கினாள், வாசல் சுவரில் ஒரு பிள்ளையாரை வைத்து வீடும் கட்டினாள்.

புதுமனைப் புகுவிழாவுக்கு ஆம்புரோஸ், டீச்சர், சிவப்பிரகாசம் மூவரும் வந்திருந்தார்கள். பால் பொங்கியது. முதல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசுகி திகைத்து நின்றாள். அவளுக்காகத் தன் உரிமையை விட்டவர் ஆம்புரோஸ். நீயே எடுத்துக்கொள் என்று வழிவிட்டவர் டீச்சர். வேலை போனாலும் போகட்டும் என்று உண்மையைக் காட்டியவர் சிவப்பிரகாசம். இவர்களில் பெரிதாகக் கொடுத்தவர் யார்? அந்த முதல் டம்ளர் பாலை நீங்களாக இருந்தால் யார் கையில் கொடுப்பீர்கள்?

விடை: டீச்சர் கொடுத்தது தமக்கு வேண்டாததை. அதைக் கொடை என்று சொல்ல முடியாது. சிவப்பிரகாசத்தின் பக்கம் நம் மனம் சாயும், எனக்கும் சாய்ந்தது. ஆனால் வேனைக் குறுக்கே நிறுத்தச் சொன்னவரும் அவர்தானே? நல்ல மனை என்று முழுதாக நம்பிய நேரத்தில், ஆசைப்பட்டதை இன்னொருத்திக்காக விட்டவர் ஆம்புரோஸ் ஒருவரே. முதல் டம்ளர் அவருக்குத்தான். அப்படியே கொடுத்துவிட்டு, இரண்டாவதைச் சிவப்பிரகாசத்திடம் நீட்டும்போது வாசுகிக்குச் சங்கடமாக இருந்தது. அவரே சொன்னார்: "நான் எங்கம்மா குடுத்தேன்? உங்ககிட்டேருந்து எடுத்து வச்சிருந்த உண்மையைத் திருப்பித்தான் குடுத்தேன்." அவள் அந்த டம்ளரைத் திரும்ப வாங்கி, இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தாள்.