வரேன் என்று சொன்ன பருந்து

அந்தக் காலத்தில், கோழிக்கும் பருந்துக்கும் நல்ல பேச்சுவார்த்தை இருந்தது. ஒரே குட்டையில்தான் தண்ணீர் குடிக்கும். செவலை என்ற கோழி முதன்முதலாகக் குஞ்சு பொரித்ததும் பருந்து பார்க்க வந்தது. "அடேயப்பா, எல்லாம் நல்லாக் கொழுகொழுன்னு இருக்கே!" என்றது. கிளம்பும்போது, "சரி, வரேன்" என்றது.

அவ்வளவுதான், செவலைக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. கொழுகொழுன்னு இருக்குன்னு சொல்லிட்டு, வரேன்னும் சொன்னால் என்ன அர்த்தம்? எதற்கு வரும்? எப்போது வரும்?

குஞ்சுகளை ஈச்சம்புதருக்குள் தள்ளி, சிறகால் மூடி உட்கார்ந்துகொண்டது. மேகம் நகர்ந்தாலும் பருந்து, இலை விழுந்தாலும் பருந்து. நிஜப் பருந்துதான் வந்தபாடில்லை. அது இன்னும் மோசம்! வந்து தொலைத்தாலாவது ஒரு கை பார்த்துவிடலாம். சித்திரை வெயில் வேறு. குட்டையோ கண்ணுக்கு எட்டிய தூரத்தில் மினுங்கியது. "அம்மா, தண்ணி" என்று கத்திக்கொண்டிருந்த கடைக்குட்டி இப்போது வாயை மட்டும் திறந்தது. சத்தம் வரவில்லை.

செவலை அதைப் பார்த்தது. 'பருந்து தூக்குவதற்கு முன்னால் நானே தாகத்தில் கொன்றுவிடுவேன் போலிருக்கே!' விறுவிறுவென்று வெட்டவெளிக்கு வந்து, அப்போதுதான் மேலே வந்து வட்டமிட்ட பருந்தைக் கூப்பிட்டது.

"அண்ணே! வரேன்னு சொன்னீங்களே, எப்போ வர்றீங்க? சொல்லித் தொலைங்க!"

பருந்து இறங்கி ஒரு பட்ட மரத்தில் உட்கார்ந்தது. "அடி கூறுகெட்டவளே! குழந்தை பிறந்த வீட்டில் 'போறேன்'னா சொல்லுவாங்க? மரியாதைக்கு வரேன்னு சொன்னேன்."

செவலைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அப்போ எங்களைத் தூக்க வரவே மாட்டீங்களா?"

பருந்து கழுத்தைச் சொறிந்தது. "பொய் சொல்ல மாட்டேன், தங்கச்சி. பசி வந்தா என்ன செய்வேனோ, எனக்கே தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது" என்று சொல்லிப் பறந்து போனது.

செவலை அப்படியே நின்றது. 'பருந்துக்கே தெரியாததை நான் புதருக்குள் உட்கார்ந்து கண்டுபிடிக்கப் பார்த்தேனே, என்ன மடத்தனம்!' நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நாளைக்கு வருமா என்பது யாருக்கும் தெரியாது. இப்போது மேலே இருக்கிறதா என்பது அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடுமே! பார்த்தது. வானத்தில் ஒன்றுமில்லை.

"ஓடி வாங்கடா செல்லங்களா!"

குட்டையில் ஒரு வாய் குடித்தது, அண்ணாந்து பார்த்தது. இன்னொரு வாய் குடித்தது, மறுபடி பார்த்தது. குஞ்சுகளும் அப்படியே செய்தன. கடைக்குட்டி மூன்றாவது வாயில் குரல் திரும்பி, கீச்சென்று கத்தியது.

அன்று முதல்தான் கோழி ஒரு வாய் தண்ணீருக்கு ஒரு தடவை வானத்தைப் பார்க்கிறது. பார்த்த பிறகுதான் தண்ணீரும் தொண்டையில் இறங்குகிறது.