தப்பே செய்யாத ராஜவைத்தியர்

பொன்னேரிக்காடு என்ற சின்ன ராஜ்யத்தைக் கோப்பண்ணராயர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும்.

ஒருநாள் காலை மருதையா என்ற வைத்தியர் சபைக்கு வந்து கைகட்டி நின்றார்.

"மகாராஜா, இருமலுக்கு வந்த செம்பாயி அம்மாளுக்குத் தவறுதலாகப் பேதி மருந்தைக் கொடுத்துவிட்டேன். உடனே மாற்று மருந்து கொடுத்தேன், பிழைத்துக்கொண்டார். இரண்டு மருந்தும் ஒரே மாதிரிக் குப்பியில் வருகின்றன. மற்ற வைத்தியர்களும் ஏமாறக் கூடாதே என்று சொல்ல வந்தேன்."

ராயர் சீறினார். "வைத்தியத்தில் தப்பா? இனிமேல் தப்புச் செய்யும் வைத்தியனின் கையை வெட்டுங்கள். இதுதான் சட்டம். முதல் கை உன்னுடையது!"

ராஜவைத்தியர் சுந்தரவரதர் தாடியைத் தடவிக்கொண்டார். "அருமையான சட்டம், பிரபு. அடியேன் இத்தனை வருஷத்தில் ஒரு தப்பும் செய்ததில்லை."

எப்படிச் செய்திருப்பார்? யாருக்கு என்ன ஆனாலும், 'நோயாளி பத்தியம் முறித்துவிட்டார்' என்று சொல்லிவிடுவார். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்?

சபையில் விகடர் ஆவுடையப்பரும் இருந்தார். உண்மையைச் சொன்ன மருதையாவின் கை போவது அவருக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, சட்டம் பிரமாதம். முதல் வைத்தியம் தங்களுக்கே நடக்கட்டும். முதுகில் கட்டி வந்து சாய முடியாமல் தவிக்கிறீர்களே! தப்பே செய்யாத ராஜவைத்தியர் இப்போதே கீறிவிடட்டும். கை வெட்டும் சேவகன் வாளோடு பக்கத்தில் நிற்கட்டும்."

"சரியான யோசனை!" என்று ராயர் முதுகைக் காட்டினார்.

சுந்தரவரதர் கட்டியைப் பார்த்தார். வாளைப் பார்த்தார். மறுபடியும் கட்டியைப் பார்த்தார்.

"பிரபு, இது கட்டியே அல்ல. ராஜ லட்சணம்! சக்கரவர்த்திகளுக்குத்தான் இப்படித் திரண்டு வரும். தொடவே கூடாது."

"லட்சணம் இப்படியா ஐயா வலிக்கும்?" என்று ராயர் அலறினார்.

மருதையா மெல்ல முன்னே வந்தார். "கட்டிதான், மகாராஜா. நன்றாகப் பழுத்துவிட்டது. விட்டுவைத்தால் ஆபத்து. போகிற கைதானே, போவதற்கு முன் இதைக் கீறிவிடுகிறேன். ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கத்தி ஆழமாகப் போனால் தடுக்கட்டும்."

ஆவுடையப்பரே நின்று பார்த்தார். கத்தியை வெந்நீரில் போட்டு எடுத்து மருதையா கீறினார். ராயர், "அப்பாடா!" என்று மூச்சுவிட்டார். வலியோடு கோபமும் போய்விட்டது.

"இந்தக் கையையா வெட்டச் சொன்னேன்! வெட்கமாக இருக்கிறது. ஆவுடையப்பரே, சட்டத்தை நீரே திருத்தும்."

"தப்பைத் தானே வந்து சொல்லும் வைத்தியருக்குத் தண்டனை வேண்டாம், மகாராஜா. தப்பைச் சரிசெய்யட்டும். பேதி மருந்துக் குப்பிக்குச் சிவப்புச் சாயம் பூசச் சொல்லுங்கள்."

"மறைக்கிறவனுக்கு? கைதானே?"

"ஐயோ, கை இருக்கட்டும். அது அவருக்குத் தேவைப்படும். அவருக்கு நோய் வந்தால் வேறு வைத்தியரிடம் போகக் கூடாது. தன் வைத்தியத்தைத் தானே செய்துகொள்ள வேண்டும்."

சுந்தரவரதரின் முகம் வெளிறியது. ஓடிவந்து ராயரின் காலில் விழுந்தார்.

"பிரபு! வலதுகால் முறிந்து வந்த கந்தப்பருக்கு இடதுகாலில் கட்டுப் போட்டது நான்தான்! அப்புறம், தளவாயின் மாமியாருக்கு..."

ராயர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பருக்குப் போட்டார். மருதையாவுக்குப் பட்டுப் போர்த்தினார். எல்லோரும் சாப்பிடக் கிளம்பினார்கள்.

சுந்தரவரதர் மட்டும் மிச்சத் தப்புகளைத் தூணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.