எலுமிச்சம்பழம் கட்டிய முடுக்கி

சனிக் கோளைத் தாண்டி ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் ஒரு முடுக்கி இருந்தது. துகள்களைப் பிடித்து வேகமாக எறிவது அதன் வேலை. புறப்பட்ட அன்று அதன் மூக்கில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். அன்றிலிருந்து அதற்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் கப்பலின் உலை அணைந்துவிட்டது. டியூட்டீரியம் என்ற ஹைட்ரஜன் துகளை எறிந்து, உலையில் காத்திருக்கும் அதன் பங்காளி டிரிட்டியத்தோடு சேர்த்து வைத்தால்தான் மறுபடி பற்றும். பேட்டரியில் இரண்டரை வீச்சுக்குத்தான் தெம்பு இருந்தது. உள்ளே பதினொரு பேர், இருக்கிற கம்பளியையெல்லாம் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள்.

“கொஞ்சம் மெதுவாத்தான் எறியேன்பா,” என்றது பேட்டரி.

“மெதுவாவா? என் மூக்குல என்ன கட்டியிருக்குன்னு பாத்தியா?” என்றது முடுக்கி.

முழு மூச்சோடு எறிந்தது. டியூட்டீரியம் டிரிட்டியத்தை உரசாமலே பறந்துபோய் அந்தப் பக்கத்துச் சுவரில் முட்டிக்கொண்டது.

“யாரது, வந்தாங்களா போனாங்களா?” என்று கேட்டது டிரிட்டியம். “செருப்பைக் கழட்டாம வாசலோட திரும்புற சொந்தக்காரங்க மாதிரி. ஒரு வாய் காபி குடிக்கிற நேரமாவது நின்னாத்தானே ஒட்டும்?”

“வேகம் பத்தல,” என்று முடிவுகட்டியது முடுக்கி. இரண்டாவது தடவை இன்னும் பலமாக எறிந்தது. இந்தத் தடவை யாரோ வந்ததே டிரிட்டியத்துக்குத் தெரியவில்லை.

மிச்சம் அரை வீச்சு. முடுக்கிக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. இதுவும் வீணானால் அந்தப் பதினொரு பேரும் விறைத்துப்போவார்கள். தான் வெறும் இரும்புக்குழாய், குளிர் தாங்கும்; அவர்கள் தாங்குவார்களா? இந்தத் தெம்பில் எறிவதற்கு வெட்கமாகவும் இருந்தது. எலுமிச்சம்பழத்தைப் பார்க்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நோஞ்சான் வீச்சு ஒன்று வீசியது.

டியூட்டீரியம் நிதானமாக வந்து நின்றது. “உள்ள வரலாமா?”

“வா வா. இப்பத்தான் உன் முகமே தெரியுது,” என்றது டிரிட்டியம்.

இரண்டும் ஒட்டிக்கொண்டன. உலை குப்பென்று பற்றியது. கப்பல் முழுக்கச் சூடு பரவ, பேட்டரிக்கும் மின்சாரம் ஏறத் தொடங்கியது.

முடுக்கி தொண்டையைக் கனைத்துக்கொண்டது. “பாத்தீங்களா என் வேகத்தை?”

புதிதாக ஏறிய மின்சாரம் முழுவதையும் பேட்டரி சிரித்தே தீர்த்துவிட்டது.